டிபன் பாக்ஸுக்குள் ஒரு பஸ்

வெள்ளானூரிலேயே சிக்னலுக்குப் பயந்த ஒரே மனிதர் ஏரோப்ளேன் சார்தான். நாங்களெல்லாம் சிக்னல் கிடைக்காதா என்று மொட்டை மாடிக் கதவு வரை ஏறுவோம். அவர் சிக்னல் கிடைத்துத் தொலைக்கப் போகிறதே என்று லிஃப்டுக்குள் புகுந்து கதவை மூடிக்கொள்வார். அவருடைய போன் எப்போதும் ஏரோப்ளேன் மோடில் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ஃபிளாட்ஸ் வாசலில் உள்ள போர்டில் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

அந்த ஃபிளாட்ஸின் கீழ்த்தளத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையெல்லாம் கவலைப்பட்டே கற்றுக்கொண்டேன். கரண்ட் போனால் எப்போது வரும் என்று கவலை, வந்தால் வோல்டேஜ் எகிறுமோ என்று கவலை. இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த கட்டடம் பாதி வீடு விற்காத கட்டடம். பட்டப்பகலில் ஆளே இல்லாத நாலாவது மாடியில் லிஃப்ட் தானாகப் போய் நிற்கும். கதவு திறக்கும். யாரையோ ஏற்றிக்கொண்டது மாதிரி கொஞ்சம் பொறுத்து மூடும். கீழே வந்து மறுபடி திறக்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஏரோப்ளேன் சார் கரூர்ப் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எந்நேரமும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைச் சுற்றிச் சப்பாத்தி மடிக்கிற சில்வர் தாள், அதற்கு மேல் இன்னொரு சில்வர் தாள், அதற்கும் மேல் ரப்பர் பேண்டு. வைஃபை பெட்டி மாட்டியிருக்கும் வீட்டைக் கடக்கும்போது பாக்ஸை மறு கைக்கு மாற்றிக்கொள்வார். என் கடையில் பணம் வந்தால் வந்தது என்று கூவுகிற சின்ன டப்பா ஒன்று உண்டு. அவர் வந்ததும் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைப்பார்.

"அது காசைத்தானே சார் சொல்லுது?"

"இப்பக் காசைச் சொல்லும் தம்பி. அப்புறம் கண்டதையும் சொல்லும்."

ஒருநாள் மத்தியானம் அவர் ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லி வாட்ச்மேன் கூப்பிட்டார். சார் பாக்ஸை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். மழை கட்டியிருந்ததால் வெளிச்சம் குறைவு. கடையில் நானும் அந்தோணியார் படமும்தான். அப்போது டிபன் பாக்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தெளிவாக, என்னைத் தட்டி எழுப்புவது மாதிரிச் சொன்னது:

"சென்னீர்குப்பம்... சென்னீர்குப்பம் இறங்கு. புள்ள தூங்குது பாரு, எழுப்பி இறக்கு."

நான் இறங்கினேன். ஸ்டூலிலிருந்து இறங்கி, கடையிலிருந்து இறங்கி, பார்க்கிங்கில் போய்த்தான் நின்றேன்.

"சார், உங்க டப்பா பேசுது சார்!"

"என்ன சொல்லுச்சு?"

"எறங்கச் சொல்லுச்சு சார்."

"எங்க?"

"சென்னீர்குப்பத்துல."

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். "அப்பச் சரி. கரெக்டாத்தான் நிக்குது."

அன்றைக்குத்தான் பாக்ஸைத் திறந்து காட்டினார். உள்ளே கையில் பிடித்து விளையாடுகிற கேம் மெஷின். அவர் மனைவி புனிதாம்மாவுடையது. அந்தம்மா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே காலத்தைக் கழித்தவர். பஸ் ஓட்டுகிற ஒரு கேமை மெஷின் கம்பெனியின் ஆன்லைன் ஸ்டோரில் வாங்கி, பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே பஸ் ஓட்டுவாராம். அந்த கேமில் நாமே ரூட் போடலாம், நிறுத்தங்களுக்கு நாமே பேர் வைக்கலாம், நிறுத்தம் வந்ததும் நம் குரலிலேயே கூவ வைக்கலாம்.

ஊர் என்னவோ வெளிநாட்டு ஊர். கூரான கூரை போட்ட வீடுகள், வெறிச்சென்ற ரோடு, விடாமல் பனி. அந்தப் பனிக்குள் ஒரு நிறுத்தத்தில் பஸ் நிற்கிறது. "கரையான்சாவடி. சில்லறை இல்லேன்னா சிரிச்சுக்கிட்டாவது ஏறுங்க" என்கிறார் புனிதாம்மா. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வரிசையாக ஏறுகிறார்கள். கரையான்சாவடியில் பனி கொட்டுவதை நான் அப்படித்தான் பார்த்தேன்.

"அம்மா எங்க சார் இப்ப?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துகொண்டேன். அந்தம்மா காலமாகிவிட்டிருந்தார். குரல் மட்டும் இந்த மெஷினுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"என் போன்ல ரெகார்டு பண்ணிக் கொடுத்துர்றேன் சார். இதுக்குப் போயி சில்வர் தாளா?"

"கேட்டதை ரெகார்டு பண்ணலாம் தம்பி. கேக்காததை எப்படிப் பண்ணுவீங்க?"

விஷயம் இதுதான். ஒரு நிறுத்தத்துக்கு ஒழுங்காக ஓட்டிப் போய்ச் சேர்ந்தால்தான் அதன் குரல் வரும். பஸ்ஸை அங்கேயே நிறுத்தி வைத்தால் அதே குரல் விட்டுவிட்டுக் கூவும்; சற்று முன் நான் கேட்டது அதுதான். ரூட் கரையான்சாவடியில் ஆரம்பித்து, சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு, ஆவடி என்று போய் வெள்ளானூரில் முடிகிறது. சாருக்கு ஸ்கூட்டரே சரியாக ஓட்ட வராது. பஸ்ஸை ஒவ்வொரு தடவையும் பருத்திப்பட்டைத் தாண்டியதும் ஏரிக்குள் இறக்கிவிடுவார். எல்லாரும் மூழ்கிவிட, பஸ் மறுபடி டிப்போவிலிருந்து கிளம்பும். ஆவடியிலும் வெள்ளானூரிலும் அந்தம்மா என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. வேறு யாரையும் ஓட்டவும் விடமாட்டார்.

"அவ பஸ் தம்பி. வெளியாள் கை வைக்கக் கூடாது."

மூன்றாவது மாடியில் கோகுல் என்று தேனிப் பையன் ஒருவன், ஐ.டி. வேலை. அவனிடமும் கையடக்க மெஷின் இருந்தது. ஆனால் அது திறந்த வீடு மாதிரி. எந்த கேமையும் போடலாம், எடுக்கலாம், மெமரி கார்டில் காப்பி பண்ணி அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். சாருடைய மெஷினைப் பார்த்தாலே அவனுக்குக் கோபம் வரும்.

"மளிகைக் கடையில காசு குடுத்தா சாமான் நம்மளுது சார். இவங்க ஸ்டோர்ல காசு குடுத்தா உள்ள உக்கார விடுவாங்க, அவ்ளோதான். எந்திரின்னா எந்திரிக்கணும். நான் வாங்கின கேம் ஒண்ணு திடீர்னு லிஸ்ட்லயே இல்ல. கேட்டா, அப்படி ஒரு கேமே கிடையாதுங்கறான்!"

"அதனாலதான் தம்பி நான் நெட்டே காட்டுறதில்ல" என்றார் சார். "நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சாத்தானே எந்திரின்னு சொல்லுவான்?"

எனக்கு எங்கள் பில்டர் ஞாபகம் வந்துவிட்டது. குடியிருப்பவர்களுக்கெல்லாம் வீட்டை விற்றுவிட்டார். மொட்டை மாடிச் சாவி மட்டும் இன்றைக்கும் அவரிடம்தான். விற்ற வீடுகளுக்கும் அவரிடம் ஒரு சாவி இருக்குமோ என்ற எண்ணம் வந்ததும் எழுந்து போய்க் கடை ஷட்டரை ஆட்டிப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் சார் பாக்ஸைத் திறந்தபோது மெஷினின் முதுகு பூரி மாதிரி உப்பியிருந்தது. திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, உள்ளிருந்து எதுவோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. கோகுல் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பேட்டரி சார். இனிமே சார்ஜ் போடாதீங்க. வெடிச்சாலும் வெடிக்கும்."

"நீயே தொறந்து வேற மாத்திக் குடுப்பா" என்றேன்.

"தொறந்தா மெஷின் தன்னைத்தானே பூட்டிக்கும்ணே. கம்பெனிக்கு அனுப்பினா, முதல் வேலையா உள்ள இருக்கறதைத் தொடச்சிட்டுப் புத்தம் புதுசாத் தருவான்."

புத்தம் புதுசாக. அந்த வார்த்தையைக் கேட்டதும் சார் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே வழிதான் இருந்தது. அதே கம்பெனியின் இன்னொரு மெஷினுக்கு எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் அதற்கு நெட்டுக்கு வர வேண்டும். அந்தம்மாவின் கணக்கில் நுழைய வேண்டும். பழைய மெஷினுக்கான ஸ்டோரையே அந்த மாதத்தோடு இழுத்து மூடப்போவதாக அறிவிப்பும் வந்திருந்தது. மூடிய பிறகு மாற்ற முடியாது. சார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அதே மாடலில் பழையது ஒன்று வாங்கி வந்தார்.

"கணக்குல நுழைய ஓ.டி.பி. வரும் சார்" என்றான் கோகுல். "அம்மா போன் நம்பருக்கு."

"அந்த சிம் இல்லப்பா. போன் தண்ணில விழுந்து போச்சு. ஆனா நம்பர் இருக்கு."

"நம்பர் மட்டும் எப்படி சார் இருக்கும்? ரீசார்ஜ் பண்றீங்களா?" என்றேன். இது என் தொழில் அல்லவா.

"எதுக்கு? அது லைஃப்டைம் கார்டு. வாங்கும்போதே ஆயுசுக்கும் செல்லும்னு எழுதிக் குடுத்தான்."

அந்த ஆயுசுக் கார்டையெல்லாம் கம்பெனிகள் எப்போதோ ஓரங்கட்டிவிட்டன. ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் நம்பரை அணைத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இதை எப்படி அவரிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நம்பர் இருக்கு தம்பி. நேத்துக்கூடப் பாத்துட்டா."

கடையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

தினம் காலையில் ஒரு நிமிஷம் மட்டும் அவர் ஏரோப்ளேன் மோடை எடுப்பாராம். அந்த நம்பருக்கு 'சாப்டியா?' என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு மறுபடி மூடிவிடுவாராம். வெகு காலம் ஒரே ஒரு டிக்தான் இருந்தது. திடீரென்று ஒருநாள் ரெண்டு டிக் விழுந்தது. அப்புறம் ரெண்டும் நீலமானது. போனை நீட்டினார். 'சாப்டியா? சாப்டியா? சாப்டியா?' என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் யாரோ படித்திருந்தார்கள்.

கோகுல் என்னைப் பார்த்தான். நான் அந்தோணியாரைப் பார்த்தேன்.

"சார்... ஒரு போன் போட்டுப் பாத்துரலாமா?"

"வேண்டாம் தம்பி."

"ஏன் சார்?"

"போட்டா தெரிஞ்சுடும்."

அவர் முட்டாள் இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. எல்லாம் தெரிந்துதான் தெரியாமல் இருந்தார். நீல டிக் வேண்டுமென்றால் ஆவடியும் வெள்ளானூரும் போய்விடும். அவை வேண்டுமென்றால் நீல டிக் போய்விடும். கொஞ்ச நேரம் பாக்ஸைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்களே போடுங்க" என்று திரும்பி நின்றுகொண்டார்.

நான் அவர் போனிலிருந்தே அழைத்து ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்தது ஒரு பெண். ஹலோ சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நடுங்கிக்கொண்டே ஒரு குரல்:

"சாப்ட்டேன். போதுமா? என்னிய உட்டுரு!"

நான் போனைக் கீழே போட்டுவிட்டேன். கோகுல் எடுத்தான்.

"அக்கா, யாருங்கக்கா நீங்க?"

"நீ யாரு? பேய் எங்க?"

"எந்தப் பேய்?"

"தெனிக்கும் விடிஞ்சா சாப்டியா சாப்டியான்னு கேக்குமே, அந்தப் பேய்! போன் பண்ணா எடுக்காது, ஸ்விட்ச் ஆப்னு சொல்லுது. ஆனா காலையில கரீட்டா மெசேஜ் வந்துரும். புது நம்பர் வாங்குன நாள்லேந்து இதே ரோதனை. கருப்புக் கவுறு கட்டிகினு கீறேன் நைனா நானு!"

நான் அந்தப் பக்கம் இருப்பது பேய் என்று நினைக்க, அந்தப் பக்கம் சாரைப் பேய் என்று நினைத்திருக்கிறது. அந்தப் பெண் பெயர் தேவி. நெடுஞ்சாலை ஓரத்தில் டிபன் வண்டிக் கடை போட்டிருக்கிறாள். எந்த ஊர் என்று கேட்டோம்.

"சென்னீர்குப்பம்" என்றாள்.

நான் ஸ்டூலைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். சார் மட்டும் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொல்லி, ஓ.டி.பி. வந்தால் நம்பரைச் சொல்லும்படி கேட்டோம். கறாராக மறுத்துவிட்டாள். "ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவில கத்திகினே கீறான். மன்சனுக்கே சொல்லக் கூடாது, பேய்க்குச் சொல்லுவனா? நேர்ல வா. கால் கீதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். மழை வருமா வராதா என்று வானம் இருட்டிக்கொண்டு நின்றது. வண்டியை மூடிவிட்டுத் தார்பாய்க்குக் கீழே தேவி உட்கார்ந்திருந்தாள். சார் இறங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார்.

"ரெண்டு காலும் கீது" என்று எங்களுக்கு அறிவித்துவிட்டு, பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். "குந்து அண்ணாத்தே."

சில்வர் தாள் பிரிந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகு, மிச்சமிருந்த சார்ஜில், கோகுலின் போன் வழியாக மெஷின் நெட்டுக்கு வந்தது. ஓ.டி.பி. தேவியின் போனில் விழுந்தது. அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக, சாரின் காதில் மட்டும் சொன்னாள். பூட்டு திறந்தது.

அப்போதுதான் கோகுல் ஒன்று சொன்னான். "சார், இது காப்பி எடுக்காது. நகத்தும். பழசுல அழிச்சாத்தான் புதுசுல வரும். நடுவுல நிறுத்த முடியாது."

"என் மெஷின்னா ரெண்டுலயும் இருந்திருக்கும்" என்று பல்லைக் கடித்தான். சார் பொத்தானை அழுத்தினார். பழைய திரை கறுத்தது. புதிய திரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்தது. பாதியில் நின்றது. கோகுலின் போனில் ஒரு கட்டை சிக்னல்தான் இருந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்த அந்த ரோட்டில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பழைய மெஷினில் அந்தம்மா இல்லை. புதியதிலும் இன்னும் இல்லை. அப்படியானால் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்? தார்பாய்க்குக் கீழே பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகத்தான் இருந்தது. நான் அங்கே உட்காராமல் நின்றுகொண்டேன்.

வாழ்நாளெல்லாம் சிக்னலுக்குப் பயந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்: "தம்பி, சிக்னல்! சிக்னல் வாங்குங்க தம்பி!"

தேவி சட்டென்று கோகுலின் போனைப் பிடுங்கி, வண்டி மேல் ஏறி, தார்பாய்க்கு வெளியே கையைத் தூக்கிப் பிடித்தாள். கோடு நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. முடிந்தது.

சார் அங்கேயே பஸ்ஸை எடுத்தார். கரையான்சாவடி, பனி, கோட்டுப் போட்டவர்கள். "சென்னீர்குப்பம் இறங்கு" என்று குரல் வந்ததும் தேவி நிஜமாகவே வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள். பருத்திப்பட்டும் போனது. பிறகு ஏரி வந்தது. ரோட்டோரம் நின்று தினம் பஸ்ஸைப் பார்ப்பவள் அவள்தான்.

"ஏரி, அண்ணாத்தே, ஏரி! லெஃப்ட்ல ஒடி! ஒடின்றேன்ல! பிரேக் போடு... அய்யய்ய, ஆர்ன் எதுக்கு அடிக்கிற, ஏரி ஒதுங்குமா?"

ஏரி ஒதுங்கவில்லை. பஸ் ஒதுங்கியது. சக்கரம் ஒன்று தண்ணீரில் பட்டு மேலேறியது. ஆவடி வந்தது. அவர் கேட்டிராத குரல்:

"ஆவடி. இங்க எல்லாரும் இறங்கிருவாங்க. பஸ் காலியாயிடும். பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

எல்லாரும் இறங்கினார்கள். காலி பஸ் பனிக்குள் போனது. நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்து நடுவில் மறந்துவிட்டேன். கடைசியில், கூரான கூரை போட்ட ஒரு தெருவின் முனையில், வெள்ளானூர் வந்தது.

"கடைசி நிறுத்தம். வெள்..."

அதோடு குரல் நின்றுவிட்டது. குக்கர் விசில் ஒன்று கேட்டது. தூரத்தில், வேறு அறையிலிருந்து, ஓர் ஆண் குரல் கத்தியது: "புனிதா! துவரம்பருப்பு எங்க இருக்கு?"

அது சாருடைய குரல். எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவர் வாயே திறக்கவில்லை.

அந்தம்மா சிரிப்பது கேட்டது. பிறகு, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில்:

"இரு, வர்றேன்."

அவ்வளவுதான். டக்கென்று நின்றுவிட்டது.

"சரி" என்றார் சார், மெஷினைப் பார்த்து.

தார்பாய் மேல் மழை விழ ஆரம்பித்தது. தேவிதான் முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"பருப்பு கெட்ச்சுதா அண்ணாத்தே?"

"கெடைக்கலம்மா. அவ வந்துதான் எடுத்துக் குடுத்தா. என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு."

அதன்பின் அவர் அந்த ரூட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கோகுலைக் கூப்பிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்தையும் ரெகார்டு பண்ணிக்கொள்ளச் சொன்னார். எத்தனை காப்பி வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். எனக்கும் ஒரு காப்பி வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது கேட்கும் தைரியம் எனக்கில்லை. காலை மெசேஜை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 'சாப்டியா?' என்று போனால், 'ஆச்சு அண்ணாத்தே, நீ துன்னியா?' என்று பதில் வருகிறதாம். தேவியின் போனில் அவர் பெயரைப் பார்த்தேன். 'பேய்' என்று இருந்ததை 'பேய் அண்ணன்' என்று மாற்றியிருந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சார் கரூருக்கே போய்விட்டார். போன் அங்கேயும் முக்கால்வாசி நேரம் ஏரோப்ளேன் மோடில்தான் இருக்கும். வேலிடிட்டி முடிகிறது என்று கம்பெனி அனுப்புகிற எச்சரிக்கை ஒன்றும் அவர் கண்ணில் படாது. அதனால் முடிவதற்கு முன்பே அவர் நம்பருக்கு நானே இங்கிருந்து ரீசார்ஜ் போட்டுவிடுகிறேன். இது அவருக்குத் தெரியாது. என்றைக்காவது அந்த நம்பரை அழைத்து, எடுத்தவர் வேறு யாராகவோ இருந்தால், என்னால் தாங்க முடியாது.